விரலால் பிடித்த பாடம்

சுரைக்காய்ப்பட்டிக் கல்லூரியில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். மூத்தவர் ஞானசிகாமணி. அடுத்தவர் அருமைநாதன். கடைசி குணசீலன். மூவரும் நன்றாகப் படித்தவர்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக ஒரு பாடம் உருவாக்க வேண்டுமாம். மாணவர்கள் ஊருக்குள் போய் நாற்பது மணி நேரம் சேவை செய்தே படிக்க வேண்டும். தொழில்நுட்பம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ஒவ்வொருவரும் தலைவராக வேண்டும். முதலில் ஆசிரியர்களே செய்துபார்த்து அறிக்கை அனுப்பாவிட்டால் துறையை மூடிவிடுவார்கள்.

“எல்லாரும் தலைவர்னா, யார் பின்னாடி வர்றது சார்?” என்றார் குணசீலன்.

“யாரும் வரக் கூடாது” என்றார் ஞானசிகாமணி.

அதனால் பக்கத்து ஊருக்கு வரப்பு வழியாக மூவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரச நடந்தார்கள். வரப்பு ஓரடி அகலம். நடுவில் இருந்த அருமைநாதன் வரப்பில் வந்தார். மற்ற இருவரும் முழங்கால் சேற்றில் வந்தார்கள். ஒருவர் மட்டும் காய்ந்திருப்பது நியாயமில்லை என்று பட்டதால், அருமைநாதன் தானாகவே ஒருமுறை வயலில் இறங்கிவிட்டு ஏறினார்.

ஊரில் செங்கமலம் தலைவிரிகோலமாக நின்றாள். அன்று அவள் மகளுக்குக் காதுகுத்து. இருநூறு பேருக்குச் சாப்பாடு. அன்றைக்கென்று பார்த்துத் தெருக்குழாய் வெடித்து, தண்ணீரெல்லாம் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க சார்! இதைக் கொஞ்சம் அடைச்சுக் குடுங்க. சோறு ஆக்கலேன்னா எங்க அண்ணன்மார் சீர்த்தட்டோட திரும்பிப் போயிருவாங்க.”

“உங்க குறையைச் செயலியில பதிவு பண்ணுங்கம்மா” என்றார் ஞானசிகாமணி.

“நேர்லயே சொல்லிட்டேனே!”

“நேர்ல சொன்னா அதுல தொழில்நுட்பம் இல்லையே.”

சிக்னல் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில்தான் கிடைக்கும். குணசீலன் போனோடு ஏறினார்.

“அம்மா, உங்ககிட்ட எத்தனை ஆடு?”

“ஆடா? தண்ணி போகுது சார்!”

“ஆட்டுக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கம் திறக்க மாட்டேங்குது!”

“ரெண்டு!”

“பேரு?”

“கருப்பி, செவலை! அய்யோ, சீக்கிரம்!”

“குழுத் தலைவர் பேரு?”

“என் பேரைப் போடு” என்று மற்ற இருவரும் கீழேயிருந்து கத்தினார்கள். குணசீலன் தன் பேரைப் போடப் போனார். அதைத் தடுக்க இருவரும் தொட்டிமேல் ஏறினார்கள். மூன்று தலைவர்களும் ஒரே போனைப் பிடித்து இழுத்ததில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, தலைவர் கட்டம் காலியாகவே படிவம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

அதற்குள் செங்கமலம் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து, குழாயில் இறுக்கிச் சுற்றிக் கட்டி, அண்டாவை நிரப்பி, உலையும் வைத்துவிட்டாள்.

சாம்பார் வாசனைக்கு மூவரும் இறங்கிவந்தார்கள். ஞானசிகாமணி குழாயைப் பார்த்துப் பதறிப்போனார். “என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! நாற்பது மணி நேரத்துல இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கு. அந்தக் கட்டைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்க.”

செங்கமலம் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள். குழந்தைக்கு ஊட்டும் குரலில் சொன்னாள்: “அவிழ்க்க வேணாம் சார். கட்டு நழுவாம மூணு பேரும் விரலால பிடிச்சுக்கங்க. நாற்பது மணி நேரம்.”

மூவருக்கும் முகம் மலர்ந்தது. யார் விரல் முன்னால் என்று சிறு தகராறு வந்தது. குழாய் உருண்டையாக இருந்ததால் முன்பக்கம் என்று ஒன்று இல்லாமல் அதுவும் தீர்ந்தது.

காதுகுத்து நடந்தது. அண்ணன்மார் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்கள். பேராசிரியர்களுக்குக் கை ஒழியாததால் செங்கமலமே உருட்டி ஊட்டினாள். மறுநாள் நள்ளிரவில் நேரம் முடிந்து விரலை எடுத்தார்கள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

“பாத்தீங்களா நம்ம பிடியை!” என்றார் அருமைநாதன்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகம் பாடத்தை ஏற்றுக்கொண்டது. துறை பிழைத்தது. சிறந்த குழுத் தலைவர்களுக்குச் சான்றிதழும் வந்தது: திருமதி கருப்பி, திருமதி செவலை.

ஞானசிகாமணி அதை மூன்று முறை படித்தார். “பல்கலைக்கழகமே சொன்ன பிறகு நாம என்ன பேசறது?” என்றார்.

இப்போதெல்லாம் பாடம் நடக்கும் நாளில் ஆடுகள் இரண்டும் முன்னே போகின்றன. பேராசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். யாரும் சேற்றில் விழுவதில்லை. ஆடுகள் கடலைக்காட்டில் நுழைந்தால்தான் கொஞ்சம் தாமதம். தலைவர்களைப் போலப் பச்சையாகத் தின்றால் அருமைநாதனுக்கு ஒத்துக்கொள்வதில்லை.