மலைக்குப் போன வண்டிவீடு

வெள்ளந்திபாளையம் எந்தப் பக்கம் என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்களே கொஞ்சம் நின்று யோசித்துத்தான் கை காட்டுவார்கள். அவர்கள் காட்டிய பக்கம் போனால் வேறு ஊர் வரும். அப்பேர்ப்பட்ட ஊரில் விவரமானவர் என்று பெயர் எடுத்தவர் நாச்சிமுத்து. "எங்க ஊர்லயே புத்திசாலி நாந்தானுங்க. மத்தவங்க எப்படின்னு நீங்களே பாத்துக்குங்க" என்று வெளியூர்க்காரர்களிடம் அவரே சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஓர் ஆசை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி பூவாத்தாளை அவர் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. அவள் கடலையே பார்த்ததில்லை. அதை நினைத்தால் நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருக்கும். ஆகவே மாட்டுத் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்த பழைய டிராக்டர் டிரெய்லருக்குத் தகரச் சுவரும் கூரையும் ஜன்னலும் வைத்து ஒரு வண்டிவீடு ஆக்கினார். கரண்டு இல்லாத, குழாய் இல்லாத காட்டிலும் அதில் ராஜா மாதிரி தங்கலாம் என்று நம்பினார்.

பூவாத்தாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தாராளமாக நாற்பது கோழி அடைக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஏனுங்க, உங்களை நம்பி இதுல ஏற எனக்குப் பயமா இருக்குதுங்க. மொதல்ல நீங்க போயி மலையில மூணு நாள் இருந்து காட்டுங்க. எனக்குப் போன் பண்ணக் கூடாது. நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. அப்படி இருந்துட்டீங்கன்னா நானும் உங்ககூட வர்றேன், கடல் பாக்கலாம். இல்லீன்னா வண்டி கோழிக்குத்தான்."

நாச்சிமுத்து ஒப்புக்கொண்டார். துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் தாசப்பன், பத்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவர். ஆகவே ஊரில் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவர் என்று அவருக்கு மரியாதை. இன்னொருவர் டிராக்டர் ஓட்டும் ஆறுச்சாமி. ஓட்டும்போது பின்னால் திரும்பியே பார்க்கமாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் கூரைமேல் ஒரு சோலார் தகடு மாட்டிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்று வைத்தார். அனுப்பும்போது சில விஷயங்களைச் சொன்னார். வண்டியில் இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்க வேண்டும். நிறுத்திய இடம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, வண்டியின் தரையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தால் அது சிந்தக் கூடாது. தகடு வெயிலில் இருக்க வேண்டும், வண்டி நிழலில் நிற்க வேண்டும். நாச்சிமுத்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அடியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

காலையில் கிளம்பி, இருபது மைல் தள்ளி ஊமையாண்டி மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். உடனே சிந்தியது. ஆறுச்சாமி கொஞ்சம் குடித்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் சிந்தியது. முழுதாகக் குடித்துவிட்டு வைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. 'மட்டம் சரி' என்று நாச்சிமுத்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்தது நிழல். மரத்தடியில் நிறுத்தினால் தகட்டில் வெயில் படவில்லை. வெளியே இழுத்தால் வண்டிக்கு நிழல் இல்லை. உள்ளே, வெளியே என்று ஏழு தடவை இழுத்த பிறகு மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தகடு வண்டி மேல இருக்குது. வண்டி எங்க போனாலும் அதுவும் கூடவே வருது" என்றார் நாச்சிமுத்து.

"அதுதான் சிக்கல். பட்டறைக்காரரு அதைப் பிரிச்சுத் தனியா குடுத்திருக்கணும், ஏமாத்திட்டாரு" என்றார் ஆறுச்சாமி.

தாசப்பன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "தகட்டுக்கு மேல வெயில். தகட்டுக்குக் கீழ என்ன?"

"கூரை."

"நிழலு மாப்ளே. தகட்டுக்குக் கீழ நிழலுதான். நாம அதுக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டா எல்லாம் சரியாப் போச்சு."

ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்த அந்தத் தகட்டுக்கு நேர் கீழே, கொதிக்கிற தகர வண்டிக்குள், மூன்று பேரும் முட்டியை மடக்கிக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மரத்தடி குளுகுளுவென்று காலியாகக் கிடந்தது.

பாரம் விஷயத்தில்தான் அவர்கள் மிகவும் கறாராக இருந்தார்கள். இடப்பக்கம் தாசப்பன், வலப்பக்கம் ஆறுச்சாமி, நட்டநடுவே நாச்சிமுத்து. தாசப்பனுக்கு ஒதுங்கப் போக வேண்டும் என்றால் ஆறுச்சாமியும் கூடவே இறங்கியாக வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். இடத் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக் குடித்தால், வலத் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்துத் தரையில் ஊற்றினார்கள். தாசப்பன் ஆசையாக ஒரு குளியல் போட்டார், மறுபக்கத்தில் இன்னொரு குளியலுக்கான தண்ணீர் மண்ணுக்குப் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு தொட்டியும் ஒரே நேரத்தில் வறண்டன. கடைசிச் சொட்டுவரை சமமாக இருந்ததில் மூவருக்கும் பெருமைதான். ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அண்ணிக்கு ஒரு போனப் போட்டுத் தண்ணி கொண்டாரச் சொல்லலாமுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

நாச்சிமுத்து கும்பிட்டார். "வேண்டாம்டா. என்ர பூவாத்தா கடல் பாக்காமயே போயிருவா. நான் தாகத்துல செத்தாலும் பரவால்ல." அவர் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. முட்டாள்தனமாக ஆயிரம் செய்திருந்தாலும், அவளுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் அவர் ஒருநாளும் மீறியதில்லை.

தாசப்பன் மறுபடி கண்ணை மூடினார். "நாம இப்ப எங்க இருக்கறம்?"

"மலையில."

"இல்ல மாப்ளே, வண்டிக்குள்ள இருக்கறம். வண்டி மலையில இருக்குது. வண்டிய விட்டு நாம எறங்காம இருந்தா, வண்டி எங்க போனாலும் நாம இருந்த எடத்துலயேதான் இருக்கறம்."

டிராக்டரும் வண்டியைச் சேர்ந்ததுதானா என்பதில் மட்டும் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. சேர்ந்ததுதான் என்று முடிவானதும் ஆறுச்சாமி போய் டிராக்டரைக் கிளப்பினார்.

சாயங்காலம் பூவாத்தாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது வண்டிவீடு வந்து நின்றது. ஜன்னலில் நாச்சிமுத்துவின் வறண்ட முகம் தெரிந்தது.

"அம்மிணி, நான் வரலை. மலையிலதான் இருக்கறேன். போனும் பண்ணலை, படியும் மிதிக்கலை. ரெண்டு கொடம் தண்ணி மட்டும் குடு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா ஊத்திரு."

பூவாத்தாள் துடைப்பத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். நாலு எட்டு வைத்தால் வீடு, திண்டாடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு, அதற்குப் பிறகு அடக்க முடியாத பாசம். உள்ளே போய்த் தண்ணீரும், மூன்று தட்டில் சோறும் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, எதிர்வீட்டுச் சென்னியப்பன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வாசலில் நின்ற வண்டிவீட்டைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணன் இருக்கிறாரா என்று பூவாத்தாளிடம் கேட்டார். நாச்சிமுத்து ஜன்னலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவரு மலைக்குப் போயிருக்காருங்க. நாளைக்குக் காலையிலதான் வருவாரு. வந்ததும் நாங்க ரெண்டு பேரும் கடல் பாக்கப் போறமுங்க."

நாச்சிமுத்துவுக்கு வாய் நிறைய நுரை, கண் நிறையத் தண்ணீர்.

சென்னியப்பனுக்குக் கவலையாகிவிட்டது. பத்திரிகையை நேரில் வைத்து அழைக்காவிட்டால் குறையாகிவிடுமே. சற்று யோசித்துவிட்டு ஜன்னலுக்கு நேராக வந்து, பத்திரிகையை நாச்சிமுத்துவின் கையிலேயே கொடுத்தார்.

"அண்ணா, நாச்சிமுத்தண்ணன் மலையிலிருந்து வந்தா இதைக் குடுத்துருங்க. நேர்ல வந்து கூப்பிட்டேன்னு சொல்லுங்க. இல்லீன்னா கோவிச்சுக்குவாரு."

நாச்சிமுத்து வாய் கொப்பளித்துவிட்டுப் பத்திரிகையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

"அதெல்லாம் கோவிச்சுக்க மாட்டாருங்க. நல்ல மனுசன், கொஞ்சம் வெவரம்தான் பத்தாது. நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்."