தண்ணீர்த்தொட்டியிலிருந்து இறங்கியவர்

தூத்துக்குடியில் ஒரு குரு இருக்கிறார். பெயர் சண்முகக்கனி. வயது இருபத்தாறு. செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் எட்டு கம்ப்யூட்டர்களைப் போட்டு விளையாட்டு மையம் நடத்துகிறார். ஒரு காலத்தில் பெரிய போட்டிகளில் ஸ்னைப்பராக ஆடியவர். மறைந்திருந்து தூரத்திலிருந்து சுடுகிற ஆள்தான் ஸ்னைப்பர். வலது மணிக்கட்டு நரம்பு பழுதானதும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மையத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேலியாகத்தான் குரு என்று கூப்பிட்டார்கள். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அவருடைய சீடர்களிலேயே மூத்தவர் கபிரியேல். வயது ஐம்பத்து நான்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

முதல் நாள் அவர் கேட்டது இதுதான்.

"டீச்சர், எங்க நின்னா நெறைய பேரச் சுடலாம்?"

"எதுக்கு அண்ணாச்சி நெறைய பேரச் சுடணும்?"

"எம் மக என்னய டீம்ல வச்சிக்கிடணும்லா, அதுக்குத்தான்."

குரு சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

கபிரியேலின் மகள் ஜெனிட்டா அயர்லாந்தில் நர்ஸ். போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் போவதற்கு முந்தைய வருடம் அவள் அம்மா தவறிப்போனாள். அதற்கப்புறம் அப்பனும் மகளும் போனில் பேசுவது ஒரே மாதிரி இருந்தது. சாப்ட்டீங்களாப்பா. சாப்ட்டேன், நீ. சாப்ட்டேம்ப்பா. அதோடு இரண்டு பக்கமும் வார்த்தை தீர்ந்துவிடும். பாசத்துக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. பேசத்தான் வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஜெனிட்டா ஆடுகிற நால்வர் அணியில் ஒருவன் விலகினான். ஆள் கிடைக்கிறவரை நீங்க வாங்கப்பா என்று அவள் விளையாட்டாகக் கூப்பிட்டாள். இவர் நிஜமாகவே கம்ப்யூட்டர் வாங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ஆட்டம். ஆட்டத்துக்கு நடுவில் மகள் பேசினாள். வலது பக்கம்ப்பா, குனிங்கப்பா என்று கத்தினாள். எதிரிக்காகக் காத்திருக்கிற நேரத்தில் வார்டில் பாட்டுப் பாடுகிற கிழவரைப் பற்றிச் சொன்னாள், மழையைத் திட்டினாள், மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாள்.

"அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் டீச்சர் மத்த ஆறு நாளும் ஓடுது."

"இப்ப என்ன வந்துது?"

"போட்டியில சேர்றாங்களாம். இன்னைலருந்து மூணாவது ஞாயித்துக்கிழமை முதல் ஆட்டம். கூட ஆடுத ஷிபுவும் மேகலாவும் வேற நல்ல ஸ்னைப்பரப் போடணும்ங்காங்க. மூணு வாரம் பாப்போம்னு சொல்லியிருக்கேம்ப்பான்னா எம் மக."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா திரும்ப சாப்ட்டீங்களாப்பாதான்."

இதைச் சொல்லும்போது கபிரியேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். நாற்பது டன் இரும்பைத் தூக்கி இறக்குகிற மனிதருக்குக் குரல் இறங்கிவிட்டது. குருவும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் எளிதானது. இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர். ஆளில்லாத ஓர் ஊர். நடுவில் சந்தைத் திடல். அதை ஐந்து நிமிடம் தொடர்ந்து பிடித்து வைத்திருக்கிறவர்கள் ஜெயித்தவர்கள். செத்தவர் சற்றுநேரம் கழித்து மறுபடி வரலாம், ஆனால் அதற்குள் திடல் கைமாறிவிடும். நம் பக்கத்திலிருந்து திடலுக்குப் போக ஒரு சந்து உண்டு. ஊர்க் கோடியில் உயரமான தண்ணீர்த்தொட்டி ஒன்றும் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் கபிரியேல் தொட்டியில் ஏறிவிடுவார். பிழைப்பே உயரத்தில் என்பதால் ஏணியைக் கண்டால் அவர் கால் சும்மா இருக்காது.

முதல் வாரம் குரு கைவேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

"சுட்ட எடத்துலயே நிக்காதீங்க. சத்தம் கேட்டதும் நாலு பேரும் அங்கதான் பாப்பான்."

"சரி."

"முதுகுக்குப் பின்னால வானம் இருக்கக்கூடாது. சுவரு இருக்கணும். இல்லேன்னா உங்க தலை தனியாத் தெரியும்."

"சரி."

"கண்ல பட்டதும் சுடாதீங்க. ஓடுதவன் எங்க நிப்பான்னு பாத்து அங்க குறி வச்சிட்டுக் காத்திருங்க."

"சரி டீச்சர்."

சீடர் கெட்டிக்காரர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரைச் சுட்டார். அணி தோற்றது. நல்லாச் சுட்டீங்கப்பா என்றாள் ஜெனிட்டா. அதைச் சொன்ன விதம் இவருக்குப் பிடிக்கவில்லை. வலிக்கலியே என்று ஊசி போட்டுவிட்டுக் கேட்பாளே, அந்தக் குரல்.

திங்கட்கிழமை கபிரியேல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"என்ன அண்ணாச்சி, கப்பல் லேட்டா?"

"கப்பல் இல்ல, ஆளு. மேல கேபின்ல இருக்கிற எனக்குக் கப்பலோட அடித்தளம் தெரியாதுல்லா. கீழ நின்னு ஒருத்தர் கையக் காட்டுவாரு. தூக்குன்னா தூக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். எங்க ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில கெடக்காரு, குடலிறக்கம். அவருக்குப் பதிலா ஒரு புது ஆள அனுப்பியிருக்காங்க. அவன் போயி ஒரு பெட்டிக்குப் பின்னால நின்னுட்டான். கை எனக்குத் தெரியல. அதனால நிறுத்திட்டேன்."

"வாக்கிடாக்கி இருக்குமே."

"இருக்கு. சூப்பர்வைசர் அதுலதான் கத்துனாரு. கத்தட்டும். அந்தப் பய தெரியுற எடத்துக்கு வர அரை மணி நேரம் ஆச்சு. ஆளு தெரியாம நான் தூக்கமாட்டேன்."

"நீங்க தூக்குத சாமானப் பாக்கமாட்டீங்களா?"

"சாமான் எங்க போயிரப் போவுது, கயித்துலதான கெடக்கு. பாக்க வேண்டியது ஆளத்தான்."

குரு தலையாட்டினார்.

கபிரியேலுக்கு இன்னும் ஆறவில்லை. "அந்தப் புதுப்பய ஒரு தூக்குக்கு நாலு தடவை அண்ணாந்து அண்ணாந்து என்னப் பாக்கான். பயம். ஆரோக்கியம் பதினெட்டு வருசம் எங்கூட. கையக் காட்டுவாரு, திரும்பிக்கிடுவாரு, பீடியப் பத்த வச்சிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிருவாரு. ஒரு நாளும் அண்ணாந்து பாத்தது கெடையாது."

"சரி, முகத்தக் கழுவிட்டு வாங்க. நேத்து ஆட்டத்தப் பாப்போம்."

அந்த விளையாட்டில் முடிந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம். யார் கண்ணிலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். கபிரியேல் தன்னுடைய பதினொன்றையும் பார்க்கத் தயாராக வந்து உட்கார்ந்தார்.

குரு கேட்டார். "எதிரியோட ஸ்னைப்பர் எங்க நின்னான்?"

"கோயில் மணிக்கூண்டுல. அப்பறம் லாரிக்குப் பின்னால. கடைசியில மஞ்ச வீட்டு மொட்டைமாடி."

"ஜெனிட்டா எத்தன தடவை செத்தா?"

கபிரியேல் யோசித்தார். "மூணா?"

"ஆறு. எங்க செத்தா?"

கபிரியேல் திரையை நோக்கிக் குனிந்தார்.

குரு ஜெனிட்டாவின் கண்ணிலிருந்து ஆட்டத்தைப் போட்டார். மகள் ஓடுகிறாள். சந்து வாயில் வந்ததும் நிற்கிறாள். பார்வை மேலே போகிறது. தூரத்தில் தண்ணீர்த்தொட்டி. ஒரு நொடி அதைப் பார்க்கிறாள். பிறகு சந்துக்குள் நுழைகிறாள். பாதிச் சந்தில் பக்கத்து வாசலிலிருந்து ஒருவன் வெளியே வந்து சுடுகிறான்.

இரண்டாவது தடவை. சந்து வாயில் நிற்கிறாள். தொட்டியைப் பார்க்கிறாள். நுழைகிறாள். அதே வாசல்.

ஆறு தடவையும் அப்படித்தான்.

"என்னயப் பாக்கா டீச்சர்," என்றார் கபிரியேல். முகத்தில் சந்தோஷம். இத்தனை மாதமாக அது தெரியாமல் போய்விட்டதே என்ற ஆதங்கமும் கூடவே வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் என்னயப் பாத்துட்டுத்தான் போறா."

"ஏன் பாக்கா?"

அவருக்குச் சட்டென்று சந்தோஷம் வடிந்தது.

குரு இப்போது கபிரியேலின் கண்ணிலிருந்து போட்டார். தொட்டி மேலிருந்து மணிக்கூண்டு தெரிந்தது. லாரி தெரிந்தது. எதிரிகளின் பாதி ஊர் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரிந்தது. சந்து மட்டும் ஒரு கூரைக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அவள் பார்த்த ஆறு நொடியும் இவர் வேறெங்கோ குறி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாதாவே," என்றார் கபிரியேல்.

பிறகு கேட்டார். "நான் எங்க நிக்கணும் டீச்சர்?"

"டீ போட்டுட்டு வாரேன்," என்று குரு எழுந்து போய்விட்டார்.

அவர் இரண்டு தம்ளரோடு திரும்பி வந்தபோது சீடர் மேப்பை முழுக்க அலசியிருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டின் முதல் மாடி ஜன்னலில் அவருடைய ஆள் நின்றுகொண்டிருந்தான். பின்னால் சுவர். கீழே சந்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. அந்தப் பக்கத்து வாசலும் சேர்த்து.

குரு குனிந்து பார்த்தார். "இங்கருந்து எதிரியில பாதிப் பேரு கண்லயே படமாட்டான் அண்ணாச்சி."

"படமாட்டான்."

"சுட்டவங்க பட்டியல்ல கடைசியா வருவீங்க."

"வந்துட்டுப் போறேன்."

குரு டீயை நீட்டினார். அந்த வாரம் அவர் வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கபிரியேல் தினமும் வந்து அதே ஜன்னலில் நின்று, வாசலுக்குக் குறி வைத்துப் பழகினார். கிரேன் கேபினில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார், முதுகு நிமிர்ந்து, கை லேசாக. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அணியினர் மூவரும் காரணம் சொல்லாமல் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். வேறு ஸ்னைப்பரை வைத்துப் பார்க்கிறார்களோ என்று அவர் அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார். அப்படியொன்றும் இல்லை, மேகலாவுக்குக் காய்ச்சல்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. குரு பார்க்கவில்லை. மணிக்கட்டு போனதிலிருந்து அவர் போட்டிகளைப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை கபிரியேல் ஒரு பெட்டி முந்திரி மக்ரூனோடு படியேறி வந்தார்.

"ஜெயிச்சிட்டோம் டீச்சர்."

"எத்தன பேரு?"

"ரெண்டு."

"ரெண்டே பேரா?"

"ரெண்டு பேரும் அந்த வாசல்ல வந்தவனுவ. அதுக்கப்பறம் ஒருத்தனும் அந்தப் பக்கம் வரல. அவ ஒரு தடவைகூடச் சாகல. திடலப் பிடிச்சிட்டா. ஷிபு சொல்லுதான், அங்கிள், அடுத்த ஞாயிறு கால் மணி முன்னாலயே வந்திருங்கன்னு."

"மக என்ன சொன்னா?"

"முடிஞ்சும் முக்கா மணி நேரம் பேசுனா. அம்மாவப் பத்திக்கூடப் பேசுனா."

குருவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் பெட்டியைப் பிரித்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு சீடரிடம் நீட்டினார். கபிரியேல் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டு வந்தவர் முகமாக அது இல்லை.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"சொன்னா சின்னப்புள்ளத்தனமா இருக்கும்."

குரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஆட்டத்துக்கு முன்னாலயே அவகிட்டச் சொல்லிட்டேன். அப்பா இன்னைக்குத் தொட்டியில இல்ல, பஸ் ஸ்டாண்டு ஜன்னல்ல இருக்கேன், உன்னத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்னு. சரிப்பான்னா. முதல் தடவை சந்துல போகையில அந்த வாசல்லருந்து அவளுக்குப் பின்னால வந்த ரெண்டு பேரையும் சுட்டேன். அப்பறம் ஏழு தடவை போனா, வந்தா. ஒவ்வொரு தடவையும் நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இப்பத் திரும்புவா, இப்பத் திரும்புவான்னு." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முன்னால எல்லாம் அத்தன தூரத்துலருந்து தொட்டிய அண்ணாந்து பாத்தால்லா. நேத்து இவ்வளவு பக்கத்துல இருந்தேன் டீச்சர். ஒரு தடவைகூட அவ என்னய ஏறெடுத்துப் பாக்கல."

குரு மக்ரூனை அவர் கையில் வைத்தார்.

"ஆரோக்கியம் உங்கள அண்ணாந்து பாப்பாரா அண்ணாச்சி?"