பத்துக்குப் பன்னிரண்டு

“இசக்கிராஜ் பொய் சொல்லுதான்,” என்றார் டாக்டர் நெல்லைநாயகம்.

“யார்ட்ட?” என்று கேட்டார் ஜெபராணி.

“என்கிட்ட.”

“என்கிட்ட நெசந்தான் சொல்லுதாரு, சார்.”



நெல்லைநாயகம் மனநல மருத்துவர். வயது ஐம்பத்து நான்கு. சுவரில் மாட்ட இடம் போதாத அளவுக்குப் பட்டங்கள்.

ஜெபராணிக்கு முப்பத்தேழு. அதே மருத்துவமனையில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் மையத்தில் ஆலோசகர். பதினான்கு வருஷமாக அந்த மருந்தை அவரும் சாப்பிட்டு வருகிறார்.

இசக்கிராஜ், மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற தொழிலாளி. முப்பத்து மூன்று வயது. ஆறு வருஷமாக எச்.ஐ.வி. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கஷ்டம் வேறு.

முகம் தெரியாதவர்களைப் போனில் பிடித்து, உடலுறவுக்காக அவர்களைத் தேடிப் போவார். வாரத்துக்கு நாலு நாள், ஐந்து நாள். இனி போவதில்லை என்று காலையில் சத்தியம் பண்ணுவார். மத்தியானம் பாதிக் காயிலை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறுவார். சுகம் என்று அதில் ஒன்றும் மிச்சமில்லை. நிறுத்தத்தான் முடியவில்லை.

டாக்டர் அவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கியிருந்தார். ‘இனிமேல் போக மாட்டேன்.’ கீழே கையெழுத்து.

கட்டம் போட்ட தாளும் கொடுத்திருந்தார். அப்படிப் போன நாளின் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும்.

பதினோரு வாரமாகக் கட்டங்கள் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் டாக்டர் ‘நன்று’ என்று எழுதினார்.

அன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நாலு வருஷமாகக் கண்டறிய முடியாத அளவில் இருந்த வைரஸ், மேலே ஏறியிருந்தது.

“மாத்திரையை விட்டிருக்கான். ஏன்?”

“அவர்ட்ட கேட்டேன். டாக்டர்ட்ட சொல்லலாம்னுட்டாரு. தன் வாயால சொல்லத்தான் வரலியாம்,” என்றார் ஜெபராணி. “போயிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி மாத்திரை போடுறதில்ல.”

“அதான் ஏன்னு கேக்கேன்!”

“‘எழுதிக் குடுத்ததை மீறுன நாய்க்கு மருந்து ஒரு கேடா’ங்காரு.”



“அது நான் வாங்குன கடிதம்,” என்றார் டாக்டர்.

ஜெபராணி மறுக்கவில்லை.

“எப்பிடிக் கேக்கணும்னு எனக்குச் சொல்லிக்குடுங்க, ஜெபராணி.”

ஜெபராணி சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் ஜெபராணியும் நிறுத்திக்கொண்டார்.

மேஜை இழுப்பறையைத் திறந்து, கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஒரு வாரம் எழுதிட்டு வாங்க.”

“எதை?”

“ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால போய்ச் செய்யுறதை.”

டாக்டரின் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட்டை அன்றோடு விட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

“எல்லாருக்கும் தெரியுமா?”

“ஏலக்காய் வாசனை ரொம்ப நல்லாருக்கும், சார்.”

*

அடுத்த வாரம் டாக்டர் தாளைக் கொண்டுவந்தார்.

ஏழு கட்டமும் சுத்தம்.

ஜெபராணி பார்த்தார். பேனாவை எடுத்து அடியில் ‘நன்று’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

டாக்டர் கதவு வரைக்கும் போனார். திரும்பி வந்தார்.

“பதினேழு.”

“என்ன, சார்?”

“பதினேழு சிகரெட்.”

“ஏன் எழுதல?”

“நீங்க படிப்பீங்கல்லா!”

வெளியே மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

தன் குரல் தன் காதில் விழுந்ததும் டாக்டர் அசையாமல் நின்றார். கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

“திட்டியிருந்தாக்கூடத் தேவல. இந்த ‘நன்று’ எரியுது.”

“சிகரெட்டும் அவர் கஷ்டமும் ஒண்ணுல்ல, சார்,” என்றார் ஜெபராணி. “தாள்ல எழுதுற கை மட்டும் ஒண்ணு.”

*

மறுநாள் இசக்கிராஜ் முன்னால் டாக்டர் அந்தக் கடிதத்தைக் கிழித்தார். தாள்களையும் கிழித்தார்.

இசக்கிராஜ் எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

“இனிமே என்னைப் பாக்க மாட்டீங்களா, சார்?”

“உக்காருங்க. பாப்பேன். போனாலும் பாப்பேன், போவாட்டாலும் பாப்பேன்.”

“மாத்திரையும் அப்பிடித்தான், தம்பி,” என்றார் வாசலில் நின்ற ஜெபராணி. “போனாலும் மாத்திரை, போவாட்டாலும் மாத்திரை.”

இசக்கிராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மையத்தின் மருத்துவரைக் கேட்டு, ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார்கள்.

“எந்திரிச்சு பல்லு வெளக்குனதும் போட்டுரணும்,” என்றார் ஜெபராணி. “அந்த நேரத்துல உங்களைத் திட்ட உங்களுக்கே காரணம் இருக்காதுல்லா?”

மனச்சோர்வுக்கும் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். போகச் சொல்லித் தூண்டும் வேகத்தை அது கொஞ்சம் தணித்தது. கொஞ்சம்தான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. ‘வைரஸ் கண்டறியப்படவில்லை.’

இசக்கிராஜ் அதை மூன்று தடவை படித்தார்.

“இது எம் பேருதானா, சார்? வேற இசக்கிராஜ் யாரும் இல்லல்ல?”

“நீங்கதாம்வே!”

இசக்கிராஜ் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று தலையைக் குனிந்தார்.

“போன வாரம் மூணு நாள் போனேன், சார். ஆணுறை போட்டுக்கிட்டேன். ஆனா போனேன்.”

“சரி,” என்றார் டாக்டர்.

“அந்த வேகம் வரும்போது என்ன செய்யணும், சார்? அதைச் சொல்லுங்க. அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்காங்க.”

தனக்குத் தெரியவில்லை என்றே டாக்டர் சொன்னார். கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

*

“வைரஸ் அடங்கிட்டு. வேகம் அடங்கலியே,” என்று டாக்டர் ஜெபராணியிடம் சொன்னார். “அது வரும்போது என்ன செய்யணும்னு கேக்காரு.”

“எத்தனை சிகரெட் வச்சிருக்கீங்க?”

“ரெண்டு.”

“ஒண்ணை எடுத்து மேஜைல வைங்க. தீப்பெட்டியையும் வைங்க.”

வைத்தார்.

“பிடிக்கட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

“பிடிக்காம இருக்கட்டுமா?”

“உங்க இஷ்டம், சார்.”

“அப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க?”

“இங்ஙனதான் இருப்பேன்.”

டாக்டர் உட்கார்ந்தார். நாக்கு வறண்டது. விரல் நுனி குறுகுறுத்தது. நெற்றியில் வேர்த்தது. ஒரு தடவை கை தீப்பெட்டி வரைக்கும் போய் நின்றது.

ஜெபராணி நாற்காலியைச் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

“இது போவாது,” என்றார் டாக்டர். “நான் பிடிக்கிற வரைக்கும் போவாது. எனக்குத் தெரியும்.”

“அப்பிடியா.”

“நெஞ்சுல ஒரு கை பிடிச்சு இழுக்கு.”

“எந்தப் பக்கம்?”

“எடது… நடுவுல… இப்ப தொண்டைக்கு வந்துட்டு.”

“ம்.”

“இப்ப… இருங்க.”

டாக்டர் தன் மார்பைத் தானே தடவிப் பார்த்தார். மேஜைமேல் ஒரு சிகரெட் கிடந்தது. வெறும் சிகரெட்.

“எங்க போச்சு?” என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தார். பதினாறு நிமிஷம்.

“ஜெபராணி, எங்க போச்சு? நான் முப்பது வருஷமா இதுக்குப் பயந்து ஓடியிருக்கேன். பதினாறு நிமிஷந்தானா இது? நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல, சார். எந்திரிச்சுப் போவல.”

“உங்களுக்கு இதை யாரு சொல்லிக்குடுத்தா?”

ஜெபராணி தீப்பெட்டியை எடுத்து அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“எனக்கு இந்த நோய் வந்தப்ப பக்கத்துல யாரும் இருக்கல,” என்றார்.

*

திங்கட்கிழமை காலை பதினொன்றே முக்கால் மணி. ஜெபராணியின் அறையில் டாக்டரின் போன் அடித்தது. வேகம் வந்தால் கூப்பிடுங்க என்று மட்டும் இசக்கிராஜிடம் சொல்லியிருந்தார்.

“சார், பஸ் ஸ்டாப்புல நிக்கேன். போகப் போறேன்.”

இசக்கிராஜின் மூச்சு வாங்கியது.

டாக்டர் எழுந்து நின்றார். “ஜெபராணி பக்கத்துல இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடவா?”

“போடுங்க, சார். சீக்கிரம்.”

“அது எங்க இருக்கு?”

“எது, சார்?”

“அந்த வேகம். ஒடம்புல எங்க இருக்கு?”

“வயித்துல… சூடா. மேல ஏறுது. தலைக்குள்ள ஒரே இரைச்சல்.”

“பத்துக்கு எத்தனை இருக்கும்?”

“பன்னெண்டு, சார்!”

டாக்டர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததும் பயந்துபோனார். போனுக்குள்ளும் ஒரு சிரிப்பு கேட்டது. பாதி அழுகைதான், ஆனால் சிரிப்பு.

“சார், பஸ் வருது.”

“சரி.”

“தடுங்க, சார். என்னைப் போவாதன்னு சொல்லுங்க.”

டாக்டர் ஜெபராணியைப் பார்த்தார். ஜெபராணி தலையை ஆட்டினார். வேண்டாம்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் தடுக்கல, இசக்கி. நீங்க ஏறுனாலும் போனை வைக்க மாட்டேன். ஏறாட்டாலும் வைக்க மாட்டேன். இங்ஙனதான் இருக்கேன். இப்ப எத்தனை?”

“பதிமூணு.”

பஸ் வந்து நிற்கும் சத்தம். கண்டக்டரின் விசில். யாரோ, “ஏறுதியா, இல்லியா? வழியை விடுப்பா” என்றார்கள்.

விசில் இன்னொரு தரம் அடித்தது. இஞ்சின் உறுமியது. தூரத்துக்குப் போனது.



“இசக்கி?”

பதிலில்லை.

“இசக்கி, எங்க இருக்கீங்க?”

“ஸ்டாப்புலதான், சார்.”

டாக்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார். பேனா ஸ்டாண்டு சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“எத்தனை?”

“பத்து. இல்ல, பதினொண்ணு. அடுத்த பஸ் பத்து நிமிஷத்துல வரும், சார்.”

“வரட்டும்.”

“கால் நடுங்குது, சார்.”

“நடுங்கட்டும். உக்காருங்க. எத்தனை?”

“ஒம்பது.”

“ம்.”

“எட்டு… சார், எட்டுதான் இருக்கு… சார்!”

“சொல்லுங்க!”

“குறையுது, சார்! நான் ஒண்ணும் பண்ணல, சார். சத்தியமா ஒண்ணும் பண்ணல. சும்மாதான் நிக்கேன். அதுவா குறையுது!”

“குறையுதாம்!” என்று டாக்டர் ஜெபராணியிடம் கத்தினார், அவருக்குக் கேட்காதது போல.

ஜெபராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

இரண்டாவது பஸ் வந்தது. நின்றது. போனது.

“அஞ்சு, சார்.”

“ம்.”

“நாலு… மூணு கூட இருக்காது. சார், இது போவும்னு எனக்கு யாருமே சொல்லலியே, சார். ஆறு வருஷமா இதுதான் என்னைக் கொண்டுபோய்ப் போடும்னு நெனைச்சேன். நிக்கேன், சார்! நான் நிக்கேன்!”

“நிக்கீங்கவே, நிக்கீங்க!”

அதன்பிறகு கொஞ்ச நேரம் போனில் தெருச் சத்தம் மட்டும் வந்தது. ஆட்டோ ஹாரன். பூக்காரியின் குரல். எங்கோ ஒரு கோழி.

“சார்.”

“சொல்லுங்க.”

“போயிட்டு.”

“ம்.”

“ஆனா வயித்துல இன்னும் என்னமோ கெடக்கு, சார். அது இல்ல. இது வேற. இழுக்குது, ஆனா அந்த இழுப்பு இல்ல. இது என்னன்னு தெரியல. பயமாருக்கு.”

டாக்டர் வாயைத் திறந்தார். படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எதுவும் சரியாகப் படவில்லை. போனை ஜெபராணி பக்கம் நகர்த்தினார்.

ஜெபராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

“தம்பி, காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“காலைலயா?”

“ஆமா.”



“அக்கா,” என்றார் இசக்கிராஜ். குரலில் அப்படி ஒரு ஆச்சரியம். “அக்கா, பசிக்குது!”