தினமும் மாட்டுப் பொங்கல்

கொன்றைநாட்டு ராஜா மகுடவர்மருக்குக் கோபமும் அதிகம், பாசமும் அதிகம். இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால், பாசம் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று, செல்லப் பசு லட்சுமிக்கு ராஜா தன் கையாலேயே ஒரு கவளம் பொங்கல் ஊட்டினார். அது நாக்கைச் சுழற்றி நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று முட்டியது. ராஜா உருகிப் போனார்.

“இத்தனை நாளும் இதற்கு வைக்கோலா போட்டீர்கள், பாவிகளா! இனி தினமும் மாட்டுப் பொங்கல்தான். வைக்கோல் கண்ணிலேயே படக் கூடாது!”

யார் எதிர்த்துப் பேசுவது? அண்டா அண்டாவாகப் பொங்கல் தொழுவத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் லட்சுமி அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு உப்பியது. பால் வற்றியது. ஒருநாள் காலை படுத்தபடியே முனகியது, எழுந்திருக்கவே இல்லை.

ராஜா மாட்டுக்காரன் சுடலையின் மேல் பாய்ந்தார். “என்னடா வைத்தாய்?”

“பொங்கலைத் தவிர ஒண்ணும் வைக்கலை சாமி!”

“பொய்! என் லட்சுமியின் வயிற்றைக் கெடுத்தவன் இனி வைக்கோலைத்தான் தின்ன வேண்டும். ஒரு சோற்றுப் பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது. இது ராஜ வாக்கு!”

சுடலை ராஜாவின் காலில் விழுந்தான். வைக்கோல் தின்று எத்தனை நாள் உயிரோடு இருப்பது?

அவையில் விகடம் பேசும் அம்பலவாணர் மெல்ல எழுந்தார். “வயிற்றைக் கெடுத்தவன் யாராக இருந்தாலும் இதே தண்டனைதானா, மகாராஜா?”

“யாராக இருந்தாலும்!”

“அப்படியானால் நாளைக்கு ஆளைக் காட்டுகிறேன். அதுவரை லட்சுமிக்கு வைக்கோல் மட்டும் போடட்டும்.”

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். தலைவாழை இலை போட்டார்கள். அதில் ஒரு கட்டு வைக்கோலை வைத்தார்கள்.

“அம்பலவாணரே!”

“கோபம் வேண்டாம், மகாராஜா. இந்த இரண்டு பானைகளையும் பாருங்கள். நேற்றே வெதுவெதுப்பான நீர் ஊற்றி அடுப்போரம் வைத்தவை.”

ஒன்றில் வைக்கோல். போட்டபடியே கிடந்தது. மற்றதில் பொங்கல். அது நுரைத்துப் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. புளித்த நாற்றம் தாங்காமல் ராஜா மூக்கைப் பொத்தினார்.

“என்ன கண்றாவி இது?”

“லட்சுமியின் வயிறு, மகாராஜா. பசுவின் வயிறே ஒரு புளிக்கும் பானைதான். வைக்கோல் மெல்லத்தான் புளிக்கும். பசு அதை வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். அப்போது ஊறும் எச்சில் உள்ளே போய்ப் புளிப்பை அடக்கும். பொங்கலை மெல்லவே வேண்டாம். வழுக்கிக்கொண்டு போய், ஒரே மூச்சில் புளித்து, வயிற்றையே கெடுத்துவிடும்.” அம்பலவாணர் கை கூப்பினார். “பொங்கல் போடச் சொன்னது யார், மகாராஜா?”

ராஜா இலையைப் பார்த்தார். ராஜ வாக்காயிற்றே! ஒரு வைக்கோலை வாயில் போட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

“இறங்கவில்லையே, ஐயா!”

“ஒரு வழி இருக்கிறது. உங்கள் வைக்கோலை லட்சுமி தின்னட்டும். அதன் பொங்கலை நீங்கள் சாப்பிடுங்கள்!”

ராஜா வைக்கோலைத் துப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சுடலைக்குப் பட்டு வேட்டியும், அம்பலவாணருக்குப் பொற்கிழியும் கிடைத்தன. தொழுவத்தில் லட்சுமி எழுந்து நின்று அசைபோட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் ராஜாவுக்குப் பழைய பாசம் எட்டிப் பார்த்தது.

“அடுத்த மாட்டுப் பொங்கலுக்காவது ஊட்டலாமா?”

“தாராளமாக ஒரு கவளம் ஊட்டுங்கள், மகாராஜா. இரண்டாவது கவளத்தை எடுத்தால், நான் இலை போட்டுவிடுவேன்.”