வெளிமானின் வாலில் ஒட்டியவை

ஒரு காட்டில் ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டப் பந்தயம் நடக்கும். பந்தயத்துக்கு முதல் நாள் ஆற்றுத்துறையில் இருந்தவர்கள்: காவல் காட்டெருமை ஒன்று, பந்தயத் தலைவர் மயில் ஒன்று, ஓட வந்த முயல்கள் ஆறு, நரிகள் இரண்டு, வேடிக்கை பார்க்க வந்த ஆமை ஒன்று. கடைசியாக, அக்கரையிலிருந்து பாறை பாறையாகத் தாவி வந்தது வெளிமான். அதன் முதுகில் அதன் மைனா.

வெளிமான் ஒன்பது முறை வென்றிருந்தது. பத்தாவது வெற்றிக்காகவே அது ஓர் ஆண்டு முழுவதும் ஓடிப் பழகியிருந்தது.

முந்தைய கோடையில் உண்ணிக் காய்ச்சலால் அந்தக் காட்டில் பலர் செத்துப்போயிருந்தார்கள். அதனால் உள்ளே வரும் எவரும் வேப்பஞ்சேற்றுக் குழியில் கழுத்துவரை இறங்கி எழ வேண்டும் என்று சட்டம்.

வெளிமானுக்குத் தன் பளபளப்பான மேனியைச் சேறாக்க மனமில்லை. "நான் யார் தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியும் தம்பி. அதனால்தான் பெயர் கேட்கவில்லை. குழியைத்தான் காட்டினேன்" என்றது காட்டெருமை.

வெளிமான் ஓர் இலையை நீட்டியது. வெளிமான் பதினைந்து நாளாக எங்கும் போகவில்லை, சேறு வேண்டாம் என்று மயில் கால் நகத்தால் கீறிக் கொடுத்த இலை அது. காட்டெருமை மயிலைப் பார்த்தது. மயில் தன் தோகையைக் கோதத் தொடங்கியது.

மைனா சிங்க ராஜாவிடம் பறந்தது. பந்தயம் சிறக்க வேண்டுமே என்று ராஜா உடனே உள்ளே விடச் சொன்னார். மைனா திரும்பி வந்து அதைச் சொன்னதும் முயல்கள் ஆறும் தரையில் உட்கார்ந்துவிட்டன. பால் குடிக்கும் குட்டிகளைக்கூடச் சேற்றில் முக்கிவிட்டு வந்தவை அவை. ஓட மாட்டோம் என்றன. சத்தம் கேட்டு ராஜாவே துறைக்கு வந்துவிட்டார்.

அப்போது காட்டெருமை வெளிமானின் வாலைத் தூக்கிப் பார்த்தது.

"நாயுருவி விதை, இருபத்து மூன்று. இந்தச் சுற்றுவட்டாரத்தில், காய்ச்சல் பரவியிருக்கும் வடக்கு மேட்டில்தான் இது முளைக்கும். எப்போது போனாய், தம்பி?"

வடக்கு மேட்டில் மூன்று நாள் முன்புதான் வெளிமானுக்குப் பாராட்டு விழா நடந்திருந்தது.

"எங்கும் போகவில்லை என்று மயிலிடம் சொன்னது நானல்ல. என் மைனா" என்றது. மைனா அதன் முதுகிலிருந்து இறங்கி ஆமையின் ஓட்டில் உட்கார்ந்துகொண்டது.

ராஜா முயல்களைப் பார்த்தார், பிறகு வாலைப் பார்த்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று காலையிலிருந்தே தான் சொல்லி வருவதாக அறிவித்தார். எல்லாரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

இப்போதாவது சேற்றில் இறங்குகிறேன் என்றது வெளிமான்.

"சேறு உண்ணிக்கு மருந்து. பொய்க்கு இந்தக் குழியில் ஒன்றும் இல்லை" என்று கொம்பால் அக்கரையைக் காட்டியது காட்டெருமை.

மறுநாள் எட்டுப் பேர் ஓடினார்கள். ஒரு முயல் வென்றது. ஆரவாரம் அக்கரைவரை கேட்டது. அங்கே தனியாக நின்ற வெளிமான், தன் வாலிலிருந்த விதைகளைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வந்துவிட்டன. வாய்க்கு எட்டாமல் மீதி இருந்தவை நான்கு.

நீதி: எத்தனை வேகமாக ஓடினாலும், சொன்ன பொய் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.