மேப் மாற்றிய வண்டிக்குப் புகைச் சான்றிதழ்

டீசல் வண்டிக்கு மூளை உண்டு என்று நாச்சிமுத்து சொன்னார். அவருக்கு உண்டா என்று நான் கேட்கவில்லை. காலை நேரம். எதற்கு வம்பு.

இடம், காங்கேயத்தில் தாராபுரம் ரோட்டுப் பெட்ரோல் பங்க். மூலையில் புகைப் பரிசோதனை வேன் நின்றது. உள்ளே தாமோதரன் என்பவர், "சர்வர் டவுனுங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார். வரிசையில் மூன்று வண்டி. முதலில் நாச்சிமுத்துவின் கார். அடுத்து என் ஜீப். எனக்குப் பின்னால் ருக்மணி டீச்சர், வீட்டுக்காரரின் காரோடு. கணக்கு டீச்சர். இந்த வேலையெல்லாம் வழக்கமாக என் மகன் பார்ப்பான். இந்தத் தடவை நான் வந்தேன். தலையெழுத்து.

நாச்சிமுத்துவின் காருக்கு அன்றோடு பதினைந்து வயது முடிகிறது. பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்றிதழ் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் வண்டி பழைய இரும்புக்குத்தான். புகை அளவு அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவர் இஞ்சினை அணைப்பதற்குள் நான் பின்னால் வந்து இறங்கினேன். இறங்கும்போது என் வேட்டி வெள்ளையாக இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது.

காரணம் ரீமேப். போன மாதம் கோயமுத்தூரில் ஒருவன் ஸ்டியரிங்குக்கு அடியில் லேப்டாப் வயரைச் செருகினானாம். இஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று உள்ளே ஒரு கணக்கு இருக்கும். அதை மாற்றி எழுதிக் கொடுத்தானாம். இழுவை கூடும் என்றானாம். மைலேஜும் கூடும் என்றானாம். புகையைப் பற்றி அவனும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

"சும்மா நிக்கறதுக்குக் கேளுங்கய்யா," என்றார் நாச்சிமுத்து. நான் கேட்கிறேன் என்று சொல்லவே இல்லை.

"ரீமேப் போட்டு மொத நாளுங்க. கியரப் போட்டேன். ஆக்சிலேட்டர்ல கால் வெக்கல, வெக்கலாமான்னு நெனச்சேன், அவ்வளவுதான். முதுகு சீட்டுல அப்பிக்கிச்சு. சட்டைப் பையில இருந்த பழனி முருகன் படம் நெஞ்சுல அப்படியே பதிஞ்சிருச்சுங்க. இப்பவும் குளிக்கறப்பக் கும்பிட்டுட்டுத்தான் சோப்புப் போடறேன்."

"எங்க, காட்டுங்க அண்ணா," என்றார் டீச்சர்.

"பொம்பளைங்க முன்னால சட்டையக் கழட்டறதுங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க."

"மைலேஜ்?" என்றேன். ஒரு வார்த்தைதான். தப்பு.

"அப்படிக் கேளுங்க! முன்ன லிட்டருக்குப் பதினாலு. இப்பக் கணக்கே கெடையாதுங்க. வழிய வழிய டேங்க் ரொப்பிட்டுப் பழனி போனேன். மேல கொடைக்கானல். எறங்கி மதுரை. திரும்பி வந்து இதே பங்க்குல நிறுத்துனேன். 'ஜீரோ பாத்துக்குங்க'ன்னான் பம்புப் பையன். பாத்தேன், ஜீரோ. அழுத்தறான், ஜீரோ. மறுபடி அழுத்தறான், ஜீரோ. என்னடான்னு பாத்தா மீட்டரு பின்னால ஓடுதுங்க! என் டேங்குல இருந்து அவுங்க டேங்குக்கு டீசல் போகுது. மேனேஜர் ஓடியாந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. 'எங்க டேங்கு தாங்காதுங்கண்ணா, எடுத்துக்கிட்டுப் போயிருங்க'ன்னு."

டீசல் போடும் அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நாலு வருசமா இந்தப் பம்பு எங்கிட்டத்தான் இருக்குது. எப்பங்க இது?"

"அன்னிக்கு நீங்க லீவுங்க," என்றார் நாச்சிமுத்து. கண் கூட இமைக்கவில்லை. "டீசல் தீந்தா எரியற லைட்டு இருக்குதுல்லீங்கய்யா, அது வேலையில்லாம சலிச்சுப்போயித் தானாக் கழண்டு விழுந்திருச்சு."

எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை அளவுக்கு உண்மை.

டீச்சர் மனக்கணக்குப் போட்டார். "நானூறு கிலோமீட்டர் ஓடியும் டீசல் கூடுச்சுன்னா மைலேஜ் மைனஸ்ல வருமே அண்ணா?"

"மைனஸ்தானுங்க டீச்சர் இருக்கறதுலயே நல்ல மைலேஜு."

டீச்சர் அதோடு கணக்கை விட்டார். நான் வேன் ஜன்னலைத் தட்டினேன். "சர்வருங்க," என்றது உள்ளிருந்து குரல். மணி பத்து.

நாச்சிமுத்துவின் வாய் ஓய்வாகத்தான் பேசியது. கை மட்டும் ஆர்.சி. புத்தகம் வைத்த ஃபைலை விடவில்லை. ஃபைல் ஓரம் வியர்வையில் ஊறிப் போயிருந்தது. மணி கேட்டார். சொன்னேன். உடனே அடுத்ததை ஆரம்பித்தார்.

"இதெல்லாம் சின்ன விசயமுங்க. ரீமேப்போட மகிமை தூரத்துலதான் இருக்குது. இங்கிருந்து தாராபுரம் எத்தனை கிலோமீட்டருங்க?"

"முப்பத்திரெண்டு," என்றேன்.

"அது உங்களுக்குங்க. எனக்குப் பன்னெண்டு."

"எப்படிங்க?" என்றார் டீச்சர்.

"பேரே ரீமேப்புங்களே. மேப்ப மாத்தியாச்சு. மேப்பு மாறுனா ஊரு மாறாதுங்களா?"

இவருக்கு மேப் என்றால் சுவரில் தொங்குகிற மேப்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது இஞ்சின் கணக்குய்யா. ஊர்ப் படம் இல்லை," என்றேன்.

"அது விக்கறவன் சொல்றதுங்க. ஓட்டறவன் நான் சொல்றேன். காங்கேயத்துல ஏறறேன், மைல்கல்லுல முப்பத்திரெண்டு. அடுத்த கல்லு பத்தொம்பது. அதுக்கடுத்தது நாலு. நடுவுல ஊதியூரக் காணோம்! ஊதியூர்கிட்ட எம் மச்சினனுக்கு மூணு ஏக்கரு தென்னந்தோப்பு. அதுவும் போச்சுங்க. மனுசன் கையில பட்டா இருக்குது, பூமி இல்ல. சர்வேயரக் கூட்டிக்கிட்டு ரோட்டுல இப்படியும் அப்படியும் நடக்கறான். 'ஒரே ஒருக்கா அந்தப் பழைய மேப்பப் போடுங்க மச்சான், தேங்காய எறக்கிக்கறேன்'னு கெஞ்சறான்."

"போட்டீங்களா?"

"லேப்டாப்பு கோயமுத்தூர்ல இருக்குதுங்களே டீச்சர்."

டீசல் போடும் அம்மா சிரித்த சிரிப்பில் டிராக்டர்காரர் ஒருவருக்கு டீசல் வழிந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு இது போதும். தாராபுரத்துக்கே போய்விட்டார்.

"போன வெள்ளிக்கெழம மாமியா வீட்டுல விருந்துங்க. வீட்டுல ஏழு மணிக்குக் கெளம்புனேன். போயிச் சேர்ந்து கடியாரத்தப் பாத்தா ஆறு அம்பது. மாமியா இன்னும் மாவே ஆட்டல. சரி, வந்ததும் தப்பு, போவோம்னு திருப்பிக்கிட்டு வந்தேன். வீட்டு வாசல்ல பாத்தா, நான் உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கறேன். 'போகாதப்பா, நான் போயிட்டு வந்துட்டேன், இன்னும் இட்லி வேகல'ன்னேன். அவன் நம்பல."

"யாரு?"

"நானுங்க. எம் பேச்ச யாரு நம்பறாங்க?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப இங்க வந்திருக்கறது போனவருங்களா, வந்தவருங்களா?"

"வந்தவன் வீட்டுல தூங்கறானுங்க. அவனுக்கு அலைச்சல்."

போதும் என்று தோன்றியது எனக்கு. மணி பத்தரை. வேட்டியைப் பார்த்தேன். கேட்டேன்.

"புகை?"

நாச்சிமுத்து காரின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். சைலன்சர் வாய் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பம்பரில் பாதி கறுப்பு.

"புகைங்களா," என்றார். "புகை... இந்த வண்டி புகைய வெளிய விடறதில்லீங்க. உள்ள இழுக்குது. முன்னால போற லாரிப் புகையெல்லாம் உறிஞ்சிருது. அதுதான் வாயில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குது."

சொன்னாரே தவிர அதில் சாரம் இல்லை. அவர் புளுகியதில் நொண்டியடித்தது இது ஒன்றுதான். டீச்சர் கூடச் சிரிக்கவில்லை. ஃபைல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போயிற்று. "பதினஞ்சு வருசமுங்க," என்று மெல்லச் சொன்னார். "புள்ளைங்க ரெண்டையும் பள்ளிக்கொடத்துல விட்ட வண்டி. ரீமேப்பு போடாம இருந்திருக்கலாம்."

நான் வேன் ஜன்னலை மறுபடி தட்டினேன்.

பத்தே முக்காலுக்கு ஜன்னல் திறந்தது. "சர்வர் வந்திருச்சு. யாருங்க மொதல்ல?"

நாச்சிமுத்து காரில் ஏறிச் சாவியைச் செருகினார். "ஸ்டார்ட் பண்ணி ஃபுல்லா அழுத்தோணுமுங்களா?" குரல் சின்னதாகிவிட்டது. நானும் டீச்சரும் பத்தடி தள்ளிப் போனோம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். இனிக் கெட என்ன மிச்சம், ஆனாலும் கட்டினேன்.

"அதெல்லாம் வேண்டாங்க," என்றார் தாமோதரன். இறங்கி வந்தார். புகைக் குழாயைச் சைலன்சரில் செருகினார். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தார். குழாயை உருவிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். என்னத்தையோ தட்டினார். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. எல்லாம் ஒரு நிமிஷம்.

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "சோதனையின்போது இஞ்சின் வேகம், நிமிசத்துக்கு நாலாயிரத்து முந்நூறு சுத்து. புகை வரம்பு அறுபத்தஞ்சு. இந்த வண்டியின் புகை, மூணு. தேறியது." கீழே வட்டமாக ஒரு சீல்.

நான் போய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது.

"வண்டிய இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலீங்களே," என்றார் நாச்சிமுத்து. அன்று காலை முழுக்க அவர் தானாகச் சொன்ன உண்மைகளில் அது இரண்டாவது.

"பாஸ் ஆயிருச்சுல்லங்க? எடுத்துட்டுப் போங்க. அடுத்த வண்டி."

மனுஷன் குதித்திருக்க வேண்டும். வண்டி பிழைத்துவிட்டது. பதினோரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்துத் தெரு. ஆனால் முகம் தொங்கிவிட்டது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"ஒரு மணி நேரமாத் தொண்டை கிழியச் சொன்னேன். ஊதியூரயே காணாம ஆக்குனேன். ஒருத்தரும் நம்பல. இவுரு உள்ள உக்காந்து ஒத்த வரி அடிச்சாரு, அத ஆர்.டி.ஓ.வே நம்பறாரு. அது எப்படிங்க?"

டீச்சர் தன் கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"நீங்க சீல் வெக்கலீங்களே அண்ணா."