செருப்பு மாட்டிய பிறகு

திருச்சி தில்லைநகரில், நூல்கண்டும் லைனிங் துணியும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஜெசிந்தாவின் ஸ்டுடியோ. பெண்களுக்கு மட்டுமானது. கல்யாணப் படம், காதுகுத்துப் படம் அங்கே எடுப்பதில்லை. தன் உடம்பைத் தான் ஆசைப்பட்ட மாதிரி, மெல்லிய துணியிலோ புருஷனுடைய சட்டையிலோ, ஒரு தடவையாவது அழகாகப் பார்த்துக்கொள்ள நினைக்கிற பெண்கள் அந்தப் படிகளில் ஏறுவார்கள். செருப்பைப் படியடியில் விடுவார்கள். ஃபோனைக் கூடையில் போடுவார்கள். அவர்கள் உள்ளே வந்ததும் கதவுக்குத் தாழ் விழும்.

சுவரில் ஒரு படமும் கிடையாது.

"சாம்பிள் இல்லையா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க," என்பாள் ஜெசிந்தா. சிலர் அப்படியே திரும்பிப் போவதும் உண்டு.

எல்லாம் முடிந்து, வந்தவர் உடுத்திக்கொண்டு கீழே இறங்கிச் செருப்பு மாட்டிய பிறகு, ஜெசிந்தாவும் கூடவே இறங்கி வந்து ஒரு கேள்வி கேட்பாள். "இந்தப் படத்தை வேற யாருக்காவது நாங்க காட்டலாமா?" இதுவரை எல்லாரும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த தெய்வானைக்கு ஐம்பது. இருபத்திரண்டு வருஷம் கணவரோடு கல்யாண மண்டபங்களில் கேமரா பிடித்தவள். நல்ல நல்ல படமெல்லாம் அவள் எடுத்தது. ஆல்பத்தின் மூலையில் மட்டும் அவர் பெயர் இருக்கும்.

ஜெசிந்தா அவளை அக்கா என்பாள். அவளோ வயதைப் பார்க்காமல் மேடம் என்பாள்.

"மேடம்னா எங்கம்மா சிரிக்குது அக்கா."

"உங்கம்மாகிட்டயா நான் படிக்கிறேன்?"

ஒருநாள் தெய்வானை கேட்டாள். "அந்தக் கேள்வியை மேலேயே கேட்டா என்ன மேடம்? பத்துல எட்டுப் பேர் சரின்னுடுவாங்க."

"தெரியும் அக்கா," என்றாள் ஜெசிந்தா.

ஆடி மாதத்தில் உமையாள் என்று ஒரு பெண் வந்தாள். பேங்க்கில் வேலை. புற்றுநோய்க்கு ஒரு பக்க மார்பை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அதுக்கப்புறம் நான் குளிச்சுட்டுக் கண்ணாடி பார்த்ததில்லை," என்றாள்.

ஜெசிந்தா கேமராவைத் தெய்வானை கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜன்னல் வெளிச்சம். புதிதாக முளைத்த குட்டை முடி. தோளில் நழுவின வெள்ளைத் துணி. தழும்பு பாதி நிழலில் இருந்தது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தாடை மட்டும் நிமிர்ந்திருந்தது. தெய்வானை பட்டனை அழுத்தினாள். சாமி சன்னதியில் திரை விலகும்போது பார்ப்போமே, அப்படிப் பார்த்தபடி.

கேமராவில் அதைப் பார்த்த உமையாள் அழுதாள். பிறகு சிரித்தாள். "இதை ஊருக்கே காட்டுங்க அக்கா," என்றாள். துணியைச் சுற்றிக்கொண்டு நின்றபடியே, தெய்வானை நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டாள்.

மறு மாதம் சென்னையில் பெண்கள் எடுத்த படங்களுக்கு ஒரு கண்காட்சி வந்தது. படம் அனுப்பக் கடைசி நாளன்று, தெய்வானை உமையாளின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கீழே தன் பெயரை எழுதி எடுத்து வந்தாள். பெயரை மூன்று தடவை எழுதிப் பழகியிருந்தாள்.

ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு இப்படி எடுக்க வராது அக்கா," என்றாள்.

தெய்வானைக்குக் கண் நிறைந்துவிட்டது. "அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும் மேடம். முகம் தெரியலை. கையெழுத்தும் இருக்கு."

"கையெழுத்துப் போட்டப்ப காலில் என்ன போட்டிருந்தாங்க?"

"வெறுங்கால்தான். மேலேதானே போட்டாங்க."

ஜெசிந்தா மணி பார்த்தாள். மூன்று. "உட்காருங்க. உங்களை ஒண்ணு எடுக்கிறேன்."

"என்னையா? இந்த வயித்தை வெச்சுக்கிட்டா?"

"வயித்துக்கும் சேர்த்துத்தான்."

இருபத்திரண்டு வருஷத்தில் தெய்வானையை யாரும் தனியாக ஒரு படம் எடுத்ததில்லை. கூச்சத்தோடு புடவையைக் களைந்து வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டாள். மூன்று பிள்ளை பெற்ற வயிறு, வெயிலில் கறுத்த கழுத்து, அவிழ்த்த கூந்தல். எடுத்ததைக் காட்டினாள் ஜெசிந்தா.

தெய்வானை கேமராவைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "இது நானா?"

"நீங்கதான். சுவரில் மாட்டட்டுமா? முதல் படமா இருக்கட்டும்."

"மாட்டு தாயி," என்றாள். மேடம் என்பதே மறந்துபோயிற்று. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"சரி, உடுத்திக்கிட்டுக் கீழே போய் ஆளுக்கொரு டீ சொல்லிட்டு வாங்க."

தெய்வானை புடவை கட்டி, பின் குத்தி, பொட்டைச் சரிசெய்து இறங்கினாள். செருப்பை மாட்டினாள். நூல்கடை சாகுல் பாய் எட்டிப் பார்த்தார்.

"என்ன தெய்வானைக்கா, சின்ன மருமகன் ஊர்லேர்ந்து வந்திருக்காராமே. மேலே ஆள் இல்லாத நேரமா கூட்டிட்டு வந்து உங்க ஸ்டுடியோவைக் காட்டுங்க."

"வரச் சொல்றேன் பாய்," என்றாள். டீக்கடைப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி, செருப்பைக் கழற்றக்கூட மறந்து படியேறினாள்.

"மேடம், அந்தத் தாள்..."

ஜெசிந்தா அதைக் கையில் தயாராக வைத்திருந்தாள். கேமராவையும் சேர்த்து நீட்டினாள். தெய்வானை தாளை நாலாகக் கிழித்தாள். படத்தை அழிக்க மனம் வரவில்லை. "இது என்கிட்ட இருக்கட்டும்," என்றாள்.

"உங்களுதுதானே."

தெய்வானை குனிந்து, செருப்பு மாட்டியிருந்த தன் காலைப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்து உமையாளைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அன்னைக்குச் சந்தோஷத்துல சொல்லிட்டேன் அக்கா," என்றது அந்தக் குரல். "வேணாமே. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்னம்மா. நான்தான் கேட்கக்கூடாத நேரத்துல கேட்டுட்டேன்."

"நீங்க கொடுத்த சின்னப் படம் பீரோவுக்குள்ள ஒட்டியிருக்கு. தினம் காலையில புடவை எடுக்கிறப்ப ஒரு தடவை பார்ப்பேன். அப்புறந்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன்."

தெய்வானை ஃபோனை வைத்தாள். பெரிய படத்தை உமையாளுக்கே கொடுக்க, துணியில் பொதிந்து கட்டினாள். ஐந்து மணி கடந்தது.

"இருபத்திரண்டு வருஷத்துல என் பேரை எழுதின ஒரே படம் மேடம்," என்றாள் மெதுவாக. "அதை ஒருத்தி மட்டும் பார்க்கப் போறா."

"தினமும் வந்து பார்க்கிறாங்களே அக்கா," என்றாள் ஜெசிந்தா. "எந்தக் கண்காட்சிக்கு அப்படி வருவாங்க?"